அருக்காணி என்றால் ஏன் சிரிக்கிறோம்?

2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி குறித்து அரசியல் கட்சிகள் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டன. நீக்கப்பட்டவர் எத்தனை பேர், விடுபட்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு முக்கியமானதுதான். ஆனால், அந்தப் பணியின்போது வேறொன்றும் நடந்தது. தம் பெயரையோ பெற்றோரின் பெயரையோ 2002, 2005 ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை ஏராளமான குடும்பங்களுக்கு ஏற்பட்டது. அம்மிச்சி, அப்பத்தா என்று மட்டுமே அழைத்துப் பழகிய பேரப்பிள்ளைகள், அவர்களுடைய உண்மைப் பெயரை முதன்முறையாகக் கைப்பேசித் திரையில் படித்தார்கள்.

கோவையிலும் பல்லடம், காங்கேயம் பக்கத்துக் கிராமங்களிலும் தெரிந்தவர்கள் சிலருக்கு அந்தப் பட்டியல்களைத் தேடித் தந்தபோது, நிலத்தைத் தோண்டினால் அடுக்கடுக்காக மண் தெரிவதுபோலப் பெயர்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டேன். எழுபதைக் கடந்தவர்களிடம் காளியாத்தாள், மாராத்தாள், பாவாயி, ராமாயி, குப்பாயி, பாப்பாத்தி, அருக்காணி. ஆண்களில் பழனிசாமி, சின்னசாமி, குப்புசாமி, நாச்சிமுத்து, மாரப்பன். ஐம்பதை ஒட்டியவர்களிடம் சாந்தி, செல்வி, மகேஸ்வரி, சண்முகம், செந்தில்குமார். இருபதுகளில் ஹர்ஷினியும் தர்ஷினியும் பிரனேஷும். முதல் அடுக்குப் பெயர் ஒன்றுகூட மூன்றாம் அடுக்கில் இல்லை. பெயர் மோகம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது எல்லா ஊர்களிலும் உள்ளதே. அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. நான் கவனித்தது வேறு. கணக்கீட்டுப் படிவம் நிரப்பும் இடத்தில் முதல் அடுக்குப் பெயர்கள் சில உரக்கப் படிக்கப்பட்டபோது, சுற்றி நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். குறிப்பாக, 'அருக்காணி' என்ற பெயருக்கு. அந்தப் பெயருக்குரிய மூதாட்டி அங்கேயே நின்றிருந்தார்.

அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். அந்தப் பெயர் அவர்களுக்குப் பெயராகவே தெரியாது. அது ஒரு சொல். எண்ணெய் வழியத் தலைவாரி, இரட்டைச் சடை பின்னி, நகர நாகரிகம் அறியாமல் நிற்கும் பெண்ணைக் குறிக்கும் கேலிச்சொல். 'அருக்காணி மாதிரி வந்திருக்கிறாள்' என்று கல்லூரி வளாகங்களில் சொல்லக் கேட்டிருப்போம். ஒரு சொல்லாக மட்டும் அறிந்ததை ஒருவரின் பெயராகக் கேட்கும்போது அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் கொங்குப் பேச்சில் அருக்காணி என்றால் அருமை, எளிதில் கிடைக்காதது. வேண்டித் தவமிருந்து பெற்ற பெண் குழந்தைக்கும், ஆண்பிள்ளைகளுக்குப் பின் ஒற்றையாகப் பிறந்த பெண்ணுக்கும் ஆசையோடு இட்ட பெயர். கொங்கு நாட்டின் பெருங்கதையான அண்ணன்மார் சாமி கதையில் பொன்னர், சங்கர் ஆகிய இருவரின் தங்கைக்கும் அதுவே பெயர். தங்காள் என்றும் நல்லதங்காள் என்றும் பாடுவோர் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் காங்கேயம் வட்டாரக் கிராமமொன்றில் தங்கி உடுக்கடிப் பாடகர்களிடமிருந்து பதிவுசெய்த கதை இது. கலைஞர் மு.கருணாநிதி 'பொன்னர்-சங்கர்' என்ற நாவலாக எழுதியதும் இதைத்தான். அவருடைய நாவலில் தங்கையின் பெயர் அருக்காணித் தங்கம். வரப்போவதைக் கனவில் முன்கூட்டியே காண்பவள் அவள். அண்ணன்மார் மாண்ட களத்தைத் தேடி அழுதுகொண்டே காடு மேடெல்லாம் அலைபவளும் அவள்தான். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்குக் கிராமங்களில் நடக்கும் படுகளச் சடங்கிலும் அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவோர் இன்றும் உண்டு. வழிபாட்டில் இருக்கும் ஒரு பெயர் எப்படிக் கேலிச்சொல் ஆனது?

1982இல் வெளிவந்த 'கோபுரங்கள் சாய்வதில்லை' திரைப்படத்தைப் பலரும் காரணமாகச் சொல்வர். இயக்குநராக மணிவண்ணனுக்கு அது முதல் படம். சூலூரைச் சேர்ந்தவர் அவர். சுகாசினி ஏற்ற கதாநாயகியின் பெயர் அருக்காணி. தந்தையின் வற்புறுத்தலால் அவளை மணந்த கணவன், அவளுடைய தோற்றத்தை வெறுத்து, நகரத்தில் ஜூலி என்ற நவநாகரிகப் பெண்ணை மணந்துகொள்கிறான். படம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமே இல்லை. தலைப்பே அருக்காணிக்குக் கட்டிய கோபுரம்தான். கொங்கு மண்ணில் பிறந்த ஒருவர், அந்த மண்ணின் பெயரை அன்போடு எடுத்து, அதை இழிவாக நினைப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். ஆனால், திரையரங்கை விட்டு வெளியே வந்தபோது மக்கள் கூடவே கொண்டுவந்தது அந்தச் சடையையும் பெயரையும் மட்டுமே. அவளுக்காக அழுதவர்கள், அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அந்தப் பெயரால் கிண்டல் செய்தார்கள். படைப்பாளியின் நோக்கத்துக்கும் பேச்சுமொழியின் போக்குக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இருந்தாலும், பழியை முழுவதும் சினிமாவின் மீது போடுவது சோம்பேறித்தனம். ஒரு திரைப்படத்தில் எத்தனையோ பெயர்கள் வருகின்றன. அதே படத்தின் ஜூலி கேலிச்சொல் ஆகவில்லையே! எந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது, எது உதிர்ந்துவிடுகிறது என்பதைச் சமூகம் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது.

தனி ஒருவரின் செயலால் அவர் பெயர் பொதுச்சொல் ஆவது ஒருவகை. எட்டப்பன், சகுனி, அரிச்சந்திரன், கும்பகர்ணன் எல்லாம் அவ்வகை. அவற்றில் ஒரு கதை இருக்கிறது. சரியோ தவறோ, ஒரு குற்றச்சாட்டோ புகழ்ச்சியோ இருக்கிறது. ஆனால் அருக்காணி எதையும் செய்யவில்லை. குப்பனும் சுப்பனும் எதையும் செய்யவில்லை. அவர்கள் பலராக இருந்தார்கள், எளியவராக இருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. இந்த இரண்டாம் வகைதான் கவலைக்குரியது.

'குப்பன் சுப்பனுக்கெல்லாம் இது தெரியுமா?' என்று மேடைகளில் கேட்கிறோம். நாளேட்டுக் கட்டுரைகளிலும், பொருளாதார விவாதங்களிலும்கூட. குப்பன் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். இது எவருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது என்று எமனை நம்பவைத்து ஏமாற்றும் முயற்சி. குப்பன், குப்புசாமி, குப்பாயி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களில் பலவும் அப்படி வந்தவையே. பேறுகால மருத்துவமும் தடுப்பூசியும் கிராமத்தை எட்டாத காலத்தில், பிள்ளையை இழந்த தாய் அடுத்த பிள்ளையைக் காத்துக்கொள்ளச் செய்த கடைசி உபாயம் அது. எமன் ஏமாந்தானோ இல்லையோ, நாம் ஏமாந்துவிட்டோம். வேண்டாதவன் என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

குப்பன் சுப்பன் என்று யாரைச் சொல்கிறோமோ அவர்களுக்கும் வரலாறு உண்டு. 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகளான ஆலைத் தொழிலாளர் நால்வரின் பெயர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். வீதிக்கு நான்கு பேர் வைத்திருந்த பெயர்கள்தாம்.

தமிழகத்தில் இந்தச் சிக்கல் கூடுதல் கூர்மை பெறுவதற்கு ஒரு தனிக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. ஈரோட்டுக்காரரான பெரியார் தம் பெயரிலிருந்து அதை நீக்கினார். இந்தியாவின் பிற மாநிலங்களில் இன்றும் காண முடியாத மாற்றம் அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால், பின்னொட்டு போன பிறகு, ஒருவரைப் பற்றி அறிய விரும்பும் கண்கள் அவருடைய இயற்பெயரின் மீதே திரும்பின. எந்த ஊர், எந்தத் தலைமுறை, காட்டு வேலை செய்த குடும்பமா, கல்லூரிக்குப் போன குடும்பமா, என்ன சாதி என்ற எல்லாவற்றையும் பெயரின் கடைசி அசையிலிருந்து ஊகிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கருப்பன் வேறு, கருப்பண்ணன் வேறு, கருப்புசாமி வேறு. சின்னான் வேறு, சின்னசாமி வேறு. பேசும் ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' சேர்த்து மரியாதை தருவதாகப் பெருமைகொள்ளும் கொங்கு நாட்டில், அந்த 'ங்க' யாருக்கு இல்லை என்பதைப் பெயரின் ஈறே காட்டிக்கொடுத்துவிடும். பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு அதில் வரும் பண்ணையத்துச் சிறுவர்களை நினைவிருக்கும். கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி. அங்கே பெயர் கேலிச்சொல்லாக மாறவில்லை. கேலிச்சொல்லே பெயராக இருக்கிறது. இரண்டும் ஒரே பாதையின் இரு முனைகள்.

இந்த அவமதிப்பை நாம் பிறருக்குச் செய்வதோடு நிற்கவில்லை. பிறர் நமக்குச் செய்ததும் உண்டு. 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியை எடுத்துப் பாருங்கள். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி.பர்னெலும் தொகுத்தது. அதில் 'ராமசாமி' என்பதற்கு இரண்டு பொருள்கள் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று, இந்துக்களைப் பொதுவாகக் குறிக்கும் பெயர், சிறப்பாக இலங்கையிலும் பிற இடங்களிலும் உள்ள இந்தியக் கூலிகளுக்கு. மற்றொன்று, சுருட்டுப் பற்றவைப்பதற்காகக் குழலுக்குள் வைக்கும் முறுக்கிய பஞ்சுத்திரி. அந்த அகராதி வெளியானபோது ஈரோட்டில் ஒரு ராமசாமிக்கு ஏழு வயது. அகராதியின் தலைப்பே இந்தக் கதையின் ஒரு கிளைதான்: முகரம் ஊர்வலத்தில் ஹசன், உசேன் என்ற பெயர்களைச் சொல்லி எழும் அழுகுரலை ஆங்கிலச் சிப்பாய்கள் தம் காதுக்கேற்பத் திரித்ததே 'ஹாப்சன்-ஜாப்சன்'.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களை வெள்ளையர் 'சாமி' என்றும், இந்தியப் பெண்களை 'மேரி' என்றும் அழைத்தனர். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் அந்தச் சொல்லுக்குத் தலைவன் என்று பொருள். அதை அறிந்த சிலர், தம்மை அப்படி அழைத்த வெள்ளையரிடம் 'என்னை எஜமான் என்கிறீரே, நான் உமக்கு எஜமான் இல்லையே' என்ற தொனியில் திருப்பிக் கேட்டதையும், அதைக் கேட்டு வெள்ளையர் சிலர் வெட்கியதையும் வேறு சிலர் சினந்ததையும் அவர் பதிவுசெய்கிறார். பழனிசாமி, பொன்னுசாமி, ரங்கசாமி, கந்தசாமி என்று ஊருக்கு ஊர் 'சாமி'கள் நிறைந்த கொங்கு நாட்டில், பெற்ற பிள்ளையைக் கொஞ்சும்போது தாய் சொல்லும் சொல்லும் 'சாமி' தான். பண்ணையத்தில் வேலை செய்தவன் நிலக்காரரைக் கும்பிட்டு அழைத்த சொல்லும் அதுவே. கொஞ்சலாகவும் கும்பிடாகவும் இருந்த சொல், கடல் கடந்தபோது வசையாகிவிட்டது. பொருள் சொல்லில் இல்லை. யார் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது.

நேட்டாலில் அந்தக் கதை அங்கேயே முடியவில்லை. ராம்சாமி, முன்சாமி, கோவிந்த்சாமி என்று சிதைந்த வடிவிலேயே அப்பெயர்கள் குடும்பப் பெயர்களாகி இன்றும் டர்பனில் நிலைத்திருக்கின்றன. நிறவெறிக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பை முன்னின்று நடத்தி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தென்னாப்பிரிக்காவை மீண்டும் அழைத்துச் சென்றவர் சாம் ராம்சாமி.

மேலைநாட்டில் இன்று பெயர் வசையாவதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு 'கேரன்'. அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் மிகப் பரவலாக இருந்த பெண் பெயர். 2020 வாக்கில், தன் வெள்ளை நிறத்தின் சலுகையைக் கொண்டு பிறர்மீது அதிகாரம் செலுத்தும் நடுவயதுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லாக அது உலகெங்கும் பரவியது. அந்தப் பெயருடைய ஆயிரக்கணக்கான நல்ல பெண்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கேலி ஏறுமுகமானது. சலுகை உள்ளவரைச் சுட்டுவது. நம் அருக்காணியும் குப்பனும் இறங்குமுகம். இதனால்தான் இரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'பெயரைக் கிண்டல் செய்வது உலக வழக்கம்' என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை.

அரசு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்ல முடியாது. 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்றும் அரசாணை அக்டோபரில் வந்தது. அதே வாரத்தில் கோவை அவிநாசி சாலையில், உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையிலான 10 கிலோமீட்டருக்கும் கூடுதலான மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர் சூட்டப்பட்டது. அரசாணைக்கு இது முரண் என்று ஒரு தரப்பு. மேதை ஒருவரின் அடையாளமாகிவிட்ட பெயரைத் துண்டிக்க இயலாது என்று மறுதரப்பு. இரு தரப்பிலும் எவரும் பேசாத ஒன்று உண்டு. அவருடைய பெயர் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி. ஊரெங்கும் உள்ள இரண்டு 'சாமி'ப் பெயர்கள் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கிவிட, பெயர்ப்பலகையில் முழுதாக நிற்பது பின்னொட்டு மட்டுமே. இயற்பெயரை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பதற்கு அந்தப் பாலத்தின் பலகையும் ஒரு சாட்சி.

சட்டத்துக்கும் எல்லை உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். சாதியைச் சொல்லாமல், அதே இளக்காரத்தை ஓர் இயற்பெயருக்குள் வைத்துச் சொன்னால் எந்தப் பிரிவின்கீழ் வழக்குப் பதிவது? பதியவும் கூடாது என்பதே என் கருத்து. பேச்சுமொழிக்குக் காவல் நிலையம் வைத்தால் நாளை நகைச்சுவையே மிஞ்சாது. கல்லூரிகளில் இதைத் தண்டனையாக்கினாலும் பயன் இராது. அந்தப் பெயரின் கதையை ஒரு வகுப்பிலாவது சொல்லிவைக்கலாம். அண்ணன்மார் கதையை நாட்டார் வழக்காற்றியல் பாடமாக முதுகலையில் மட்டும் படிக்கிறோம். அருக்காணி என்ற சொல் புழங்குவதோ பள்ளிக்கூடத்துக் கடைசி இருக்கையில்.

அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ளும் வழி இளையோருக்கு உண்டு. பலர் மாற்றிக்கொள்கிறார்கள்; அது அவர்களுடைய உரிமை. எழுபது வயதில் யாரும் அதற்கு விண்ணப்பம் போடுவதில்லை. அவர்களுக்காகப் பிறர் கூச்சப்படுகிறார்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கும் என் நண்பர் ஒருவர் சொன்னது இது. பெற்றோர் கூட்டத்துக்குப் பாட்டியுடன் வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, வருகைப் பதிவேட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்காகத் தானே எழுதினாள். பெயர் என்ற கட்டத்தில் 'பாட்டி' என்று மட்டும் இருந்தது. முழுப்பெயரை எழுதச் சொன்னபோது, அதே பக்கத்தில் தன் தோழிகளின் வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள் என்றாளாம்.